மரம் மக்காமல் இருக்க ஆர்செனிக்: யார் இந்த சொண்டி காமேசம்?

காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் பக்கம் போனால் இப்போது கண்ணில் படுபவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே கரையில் கட்டுமரங்கள் கிடந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை வேகப்படுத்தின. மரத்தைக் கைவிட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று ரொம்பப் பழையது. தண்ணியில் கிடக்கும் மரத்தைக் கப்பல் புழு துளைக்கும். தரையில் கிடக்கும் மரத்தைக் கரையான் அரிக்கும். வேலிக்கு ஊன்றிய சவுக்குக் கம்பு, மண்ணைத் தொடும் இடத்தில் இற்றுப் போய் முறியும். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தத் தலைவலிக்கு உலகம் பல மருந்துகளைத் தேடியது. அதில் ஒன்று, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கா முதல் நியூசிலாந்து வரை கோடிக்கணக்கான கம்பங்களிலும் வேலிகளிலும் வீட்டுத் தளங்களிலும் ஏறியது. பெயர் சிசிஏ. அதாவது செம்பு, குரோமியம், ஆர்செனிக். இதைக் கண்டுபிடித்தவர் டேராடூனில் வேலை பார்த்த ஓர் இந்தியர், சொண்டி காமேசம்.

மரப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு எந்த நாட்டிலும் தெரிந்த பெயர் இது. நம்ம ஊர் பாடப்புத்தக விஞ்ஞானிகள் வரிசையில் பார்த்த ஞாபகம் யாருக்கும் இருக்காது. அவர் கண்டுபிடித்ததன் கதையோ இன்னும் முடியவில்லை. அவர் மருந்து ஏற்றிய மரம் அரை நூற்றாண்டுக்கு மேல் மக்கவில்லை. அதற்குள் இருக்கும் ஆர்செனிக்கும் எங்கேயும் போகவில்லை.

ரயிலுக்கு வேண்டிய மரம்

காமேசத்தைப் புரிந்துகொள்ள ஸ்லீப்பர் கட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேரளம் – காரைக்கால் மீட்டர்கேஜ் பாதை 1898-இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லீப்பர்கள் வேண்டும். இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு வந்த கிளைப் பாதை. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க நீண்ட ரயில் பாதைக்கு எவ்வளவு மரம் வேண்டியிருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேக்கு, சால், தேவதாரு போன்றவை தாமாகவே நாள்பட உழைக்கும். ஆனால் அவை விலை அதிகம், காடுகளில் வேகமாகக் குறைந்துகொண்டும் வந்தன. இமயமலைச் சரிவில் ஏராளமாக இருந்த சிர் பைன் போன்ற மரங்கள் மலிவு. ஆனால் மழையிலும் கரையானிலும் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். மலிவான மரத்தைத் தேக்கு மாதிரி உழைக்க வைக்க முடியுமா என்பதுதான் ரயில்வேயின் கேள்வி.

1906-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்தது. அங்கே ரால்ஃப் பியர்சன் என்ற வன அதிகாரி ஸ்லீப்பர்களுக்கு மருந்து ஏற்றும் சோதனைகளை நடத்தி 1912-இல் அறிக்கையாகவே வெளியிட்டார். அப்போது பேசப்பட்ட முறைகளில் ஒன்று கொஞ்சம் விநோதமானது: மரத்தைச் சர்க்கரைக் கரைசலில் ஆர்செனிக் கலந்து வேக வைப்பது. பவல் முறை என்று பெயர். பலகாரம் செய்வது மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் தப்பில்லை.

உலகம் முழுக்க நம்பிக்கையாக இருந்தது கிரியோசோட்தான். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெய். 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் அதை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புச் சிலிண்டருக்குள் மரத்தை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, பிறகு மருந்தை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். இந்தியாவிலும் 1920-களில் பஞ்சாபின் தில்வானில் கிரியோசோட் ஆலை வந்தது. ஸ்லீப்பருக்கு அது சரி. ஆனால் கருப்பாக ஒட்டும், நாற்றம் அடிக்கும், தோல் எரியும், மேலே பெயின்ட் நிற்காது. வீட்டு உத்தரத்துக்கோ சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கும் கட்டைக்கோ யாரும் விரும்ப மாட்டார்கள்.

எண்ணெய்க்குப் பதில் தண்ணியில் கரையும் உப்பாக இருந்தால்? சுத்தமாக இருக்கும், மலிவு, பவுடராக மூட்டையில் அனுப்பலாம். இங்கேதான் பெரிய சிக்கல். தண்ணியில் கரைந்து உள்ளே போனது, மழை பெய்தால் தண்ணியில் கரைந்தே வெளியே வந்துவிடும்.

காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. போர்டோவைச் சேர்ந்த டாக்டர் ஒகுஸ்த் பூஷெரி, 1840-களில் மயில்துத்தக் கரைசலை மரத்தின் அடிப்பக்கம் வழியாகச் செலுத்தும் முறையைப் பிரபலமாக்கினார். மரச்சாறு வெளியேறும், அது இருந்த இடத்தில் மயில்துத்தம் நிற்கும். பிரான்ஸின் தந்திக் கம்பங்கள் இந்த முறையில்தான் பதப்படுத்தப்பட்டன. மயில்துத்தம் பூஞ்சையைக் கொல்லும் என்பது நம்ம விவசாயிகளுக்கும் தெரியும், போர்டோ கலவை தெளிப்பது அதற்குத்தானே. ஆனால் கம்பத்துக்குள் இருந்த செம்பு மழையில் மெல்ல மெல்லக் கழுவிப் போனது. ஆக, பூஞ்சையைக் கொல்லும் விஷத்துக்குப் பஞ்சமில்லை. அதை மரத்துக்குள் பூட்டி வைக்கத்தான் வழி தெரியவில்லை.

இரண்டு பேரைச் சேர்த்த ஒரு பெயர்

காமேசம் டேராடூன் நிறுவனத்தின் மரப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றியவர். கடைகளில் விற்கும் மருந்துகளை எப்படிச் சோதிப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அந்தப் பிரிவின் அன்றாட வேலை. 1933-இல் அதைப் பற்றி அவர் எழுதிய கையேட்டை நிறுவனம் வெளியிட்டது.

அந்தச் சோதனை முறை இன்றும் டேராடூனில் தொடர்கிறது. 60 சென்டிமீட்டர் நீளத்தில் கட்டைகளை அறுத்து, திறந்த வெளியில் வரிசையாகப் பாதி புதைத்து, ஆண்டுக்கொரு முறை பிடுங்கிப் பார்ப்பார்கள். இதன் பெயரே கல்லறைச் சோதனை. பார்க்க அப்படித்தான் இருக்கும். மழை, வெயில், கரையான், பூஞ்சை எல்லாம் சேர்ந்து தீர்ப்பு சொல்லும். ஆய்வகத்தில் ஜெயித்த பல மருந்துகள் இந்த மண்ணில் தோற்றன. விடை தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை இது. இன்றைய ஸ்டார்ட்அப் வேகத்துக்குப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

காமேசத்தின் முதல் முக்கியமான மருந்து, ரிச்சர்ட் ஃபால்க் என்ற ஜெர்மன் பூஞ்சை ஆய்வாளரோடு சேர்ந்து வந்தது. ஆர்செனிக்கையும் டைகுரோமேட்டையும் கலந்த உப்பு. இருவர் பெயரையும் ஒட்டி ஃபால்காமேசம் என்று வைத்தார்கள். டைகுரோமேட் மரத்தின் நாரோடு வினைபுரிந்து, கரையாத பொருளாக மாறும்போது ஆர்செனிக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை. ஃபால்க் யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பல நாடுகள் அலைந்து, 1955-இல் அமெரிக்காவில் இறந்தார்.

ஃபால்க் நாட்டை இழந்த அதே 1933-இல், காமேசம் அந்தக் கலவையில் மூன்றாவதாகச் செம்பைச் சேர்த்தார்.

அஸ்கு

வேதியியலில் ஆர்செனிக்கின் குறியீடு அஸ், செம்பின் குறியீடு கு. இரண்டும் சேர்ந்து அஸ்கு. விகிதம் எளிது: ஆர்செனிக் உப்பு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, டைகுரோமேட் 4 பங்கு. பின்னாளில் இந்தியத் தர நிர்ணய ஆவணத்திலும் இதே 1:3:4 இடம்பிடித்தது.

சிம்பிளா சொன்னால் மூன்று பேருக்கு மூன்று வேலை. செம்பு பெரும்பாலான பூஞ்சைகளைக் கொல்லும். ஆனால் செம்புக்கு அசராத சில பூஞ்சைகள் உண்டு, கரையானும் உண்டு. அவற்றை ஆர்செனிக் பார்த்துக்கொள்ளும். குரோமியம் பெரிதாக யாரையும் கொல்ல வேண்டியதில்லை, மற்ற இரண்டையும் ஓடவிடாமல் பிடித்து வைத்தால் போதும்.

பிடித்து வைப்பது எப்படி? டைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம் தண்ணியில் கரையும் வடிவத்தில் இருக்கிறது. மரத்துக்குள் நுழைந்ததும் மரத்தின் சர்க்கரையும் லிக்னினும் அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவம் கரையாது. மாறும்போதே செம்பையும் ஆர்செனிக்கையும் இழுத்துப் பிடித்து மரநாரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கேயும் குரோமியம்தான் தோலின் நாரைப் பிடித்துக்கொண்டு அழுகாமல் காக்கிறது.

இதற்கு நேரம் வேண்டும். நம்ம ஊர் வெப்பத்தில் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள், குளிர்நாடுகளில் அதைவிட அதிகம். ஆரஞ்சு மஞ்சளாக உள்ளே போன கரைசல் மெல்லப் பச்சையாக மாறும். பச்சை வருவதற்கு முன்பே மழையில் போட்டால் மருந்து ஓடிவிடும். பிற்காலத்தில் எத்தனையோ ஆலைகள் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்ட இடம் இதுதான்.

அஸ்குவுக்கு முதலில் கிடைத்த வேலை இந்தியச் சுரங்கங்களில் முட்டுக்கட்டைகளைக் காப்பது. நாற்றம் இல்லை, ஒட்டாது. இருட்டிலும் ஈரத்திலும் சில மாதங்களில் பூசணம் பிடித்த கட்டைகள் நின்று உழைத்தன. பதப்படுத்திய மரத்தால் சாலைப் பாலங்கள் கட்டும் யோசனைகளிலும் காமேசத்தின் பெயர் உண்டு. மலிவான மரத்தை இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் மாற்றாக நிறுத்தலாம் என்ற நம்பிக்கை அவருடைய வேலை முழுவதிலும் தெரிகிறது.

பிரிட்டிஷ் காப்புரிமைக்குப் பிறகு, 1938 பிப்ரவரி 1-ஆம் தேதி அமெரிக்கக் காப்புரிமையும் அவர் பெயருக்குக் கிடைத்தது. எண் 21,06,978. காலனி நாட்டின் அரசு ஆய்வகத்திலிருந்து ஓர் இந்தியர் அமெரிக்கத் தொழில்துறைக்கு ஒரு தொழில்நுட்பத்தைக் கொடுத்த கதை இது, அதுவும் அந்தக் காலத்தில்.

மிசிசிப்பி மண்ணில் அரை நூற்றாண்டு

அமெரிக்காவில் முதலில் ஆர்வம் காட்டியது பெல் தொலைபேசி நிறுவனம். லட்சக்கணக்கில் கம்பம் நட வேண்டியவர்கள் ஆயிற்றே. நிறத்தைப் பார்த்து கிரீன்சால்ட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்தவரின் ஊரும் பேரும் அந்த லேபிளில் இல்லை.

அதே 1938 வாக்கில் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் மிசிசிப்பி மாநிலத்தின் சாசியர் அருகே ஒரு சோதனைக் காட்டில் பைன் கட்டைகளை நட ஆரம்பித்தது. ஈரமும் வெப்பமும் கரையானும் நிறைந்த இடம், கிட்டத்தட்ட நம்ம கடலோரம் மாதிரி. மருந்தில்லாத கட்டைகள் சராசரியாக 2 முதல் 4 ஆண்டுக்குள் விழுந்தன. போதிய அளவு சிசிஏ ஏற்றிய கட்டைகள் 50 ஆண்டுகளுக்குப் பிறகும் நின்றன. ஒரு மரமருந்து எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். போதிய அளவு என்ற வார்த்தை முக்கியம். குறைவாக மருந்து ஏறிய கட்டைகள் அதே மண்ணில் தோற்றன. அமெரிக்கத் தரத்தில் தரைக்கு மேலே நிற்கும் மரத்துக்கு கன மீட்டருக்கு 4 கிலோ, மண்ணில் புதைவதற்கு 6.4 கிலோ, கடலில் நிற்பதற்கு 40 கிலோ. கடலுக்குப் பத்து மடங்கு! மருந்து மரத்தின் வெளிப்பகுதியில்தான் நன்றாக ஏறும், உள்வைரத்தில் அவ்வளவாக ஏறாது. பதப்படுத்திய பிறகு அறுத்தால், அறுத்த முகத்தில் பாதுகாப்பு இருக்காது. ஆக, பச்சை நிறம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கட்டையையும் நம்ப முடியாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது உலக வியாபாரம். பிரிட்டனில் டேனலித், ஸ்வீடனில் போலிடன் என்று ஆளுக்கொரு பெயர். நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணை வேலிகளும் திராட்சைத் தோட்டக் கம்பங்களும் இதில்தான் நின்றன. 1990-களில் அமெரிக்க வீடுகளின் பின்கட்டுத் தளம், குழந்தைகள் விளையாட்டுத் திடல் என்று எங்கும் இதே மரம்.

தங்கிவிட்டதுதான் சிக்கல்

காமேசம் தீர்க்க நினைத்த பிரச்சினை, மருந்து கழுவிப் போவது. அதில் பெரும்பாலும் ஜெயித்தார். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், ஓரளவு ஆர்செனிக்கும் செம்பும் மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கின்றன, முக்கியமாக ஆரம்ப மாதங்களில். மேற்பரப்பில் இருப்பது கையில் ஒட்டும். தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும்.

கணக்கைப் பார்த்தால் கவலை புரியும். பிற்காலத்தில் அதிகம் பயன்பட்ட கலவையில், மண்ணில் புதைக்கும் தரத்துக்குப் பதப்படுத்திய ஒரு கன மீட்டர் மரத்துக்குள் சுமார் 1.4 கிலோ ஆர்செனிக் இருக்கும். வங்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு மில்லிகிராமின் சிறு பங்கு ஆர்செனிக் செய்த நாசத்தை நாம் அறிவோம்.

2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பை வெளியிட்டது: தயாரிப்பாளர்களே முன்வந்து வீட்டு உபயோகத்துக்கான சிசிஏ மரத்தை 2003 டிசம்பர் 31-க்குள் நிறுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2006-இல் விளையாட்டுச் சாதனங்களுக்கும் வீட்டுத் தளங்களுக்கும் நிறுத்தியது. கம்பம், கடல்பாலம், தொழிற்சாலைப் பயன்பாடு போன்றவற்றுக்குப் பல இடங்களில் அனுமதி தொடர்கிறது. ஏற்கெனவே கட்டியதை இடிக்கச் சொல்லி அமெரிக்க முகமை உத்தரவிடவும் இல்லை.

மாற்றாக வந்தவை பெரும்பாலும் செம்பை மட்டும் நம்புகின்றன. ஆர்செனிக் இல்லை, அதனால் செம்பைக் கூட்ட வேண்டியிருக்கிறது. குரோமியம் என்ற பூட்டும் இல்லை, அதனால் செம்பு அதிகம் கசிகிறது. மனிதருக்கு நல்லது, மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் அவ்வளவு நல்லதில்லை. சாதாரண இரும்பு ஆணிகளையும் சீக்கிரம் அரிக்கிறது. மிசிசிப்பியில் அரை நூற்றாண்டு நின்ற சாட்சி இவற்றுக்கு இன்னும் கிடையாது. ஆர்செனிக்குக்குப் பதில் போரானைச் சேர்த்த கலவையும் உண்டு. ஆனால் போரான் மழையில் கரைந்துவிடும், பழைய பிரெஞ்சுத் தந்திக் கம்பத்தின் கதைதான்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டுக் காமேசத்தை வில்லன் ஆக்குவது நியாயமில்லை. 1933-இல் ஆர்செனிக் வயலில் தெளிக்கும் மருந்து, மருத்துவம் எனப் பல இடங்களில் இருந்தது. சுரங்கத்துக்கும் ஸ்லீப்பருக்கும் செய்த மருந்தைக் குழந்தைகளின் சறுக்குமரம் வரை கொண்டுபோனது பிறகு வந்த சந்தை.

காரைக்கால் கரைக்குத் திரும்பினால்

கட்டுமரத்துக்கும் இந்த மருந்தை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் உள்ள கடல்மர ஆய்வு மையம் சிசிஏ ஏற்றிய கட்டுமரங்களை மீனவர்களோடு சேர்ந்து சோதித்தது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மலிவான ரப்பர் மரத்தைப் பதப்படுத்திப் படகு கட்டியது. மருந்து ஏற்றாதவற்றைவிட இவை அதிகம் உழைத்தன. ஆனால் அதற்குள் ஃபைபர் வந்துவிட்டது.

கட்டுமரத்துக்கு ஒரு சொந்தப் பாதுகாப்பும் இருந்தது. தினமும் கரையேற்றி வெயிலில் காய வைப்பார்கள். கப்பல் புழு காய்ச்சலில் பிழைக்காது. துறைமுகத்தில் எப்போதும் தண்ணியிலேயே கிடக்கும் மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதோடு நம்ம கடலில் மார்ட்டீசியா என்ற சிப்பி இனத் துளைப்பான் உண்டு. கெட்டி ஓட்டால் மரத்தைக் குடையும் இதற்கு சிசிஏ அவ்வளவாக மிரட்டல் இல்லை. அதனால்தான் வெப்பக் கடல்களில் சிசிஏவும் கிரியோசோட்டும் இரண்டையும் ஏற்றும் வழக்கம் வந்தது.

இன்றைக்கு நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் பழைய மரம். அனல்மின் நிலையங்களின் குளிரூட்டும் கோபுரங்களில் பல ஆண்டுகள் பதப்படுத்திய மரம் போட்டார்கள். இப்படிப் பிரிக்கப்படும் கட்டைகள் கழிவாகக் கைமாறும்போது விறகாகிவிடும் ஆபத்து இருக்கிறது. எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். குரோமியத்தில் ஒரு பங்கு மறுபடியும் கரையும், விஷமான வடிவத்துக்கே திரும்பும். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்தது அந்த வடிவம்தான். அதனால் பச்சை சாயல் உள்ள பழைய கட்டையை அடுப்பில் வைக்கக் கூடாது, சாம்பலைச் செடிக்குப் போடக் கூடாது, மரத்தூளை மாட்டுக்கொட்டகையில் பரப்பக் கூடாது, காய்கறிப் பாத்திக்கு வரப்பாகவும் வைக்க வேண்டாம். வெயிலில் நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்த கட்டையில் பச்சை தெரியாமலும் போகலாம். முனையைக் கொஞ்சம் சீவினால் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சை வளையம் தெரியும், அதுதான் அடையாளம். அறுக்க வேண்டியிருந்தால் முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில் அறுத்து, தூளைக் கூட்டி எடுத்து, கைகழுவிய பிறகுதான் சாப்பாடு.